ஓட்டச் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? குறிக்கோளுக்கும் கைச்செலவுக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

ஓடத் தொடங்க நினைப்பவர் ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ தேடினால் செயலிகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாமே தூரம், நேரம், வேகம், கலோரி ஆகிய நான்கு எண்களைத்தான் பெரிதாகக் காட்டும். இந்த நான்கையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. தூரத்தை அளக்கும் வேலையைச் செய்வது உங்கள் போனில் உள்ள ஜிபிஎஸ் சில்லு. இலவசச் செயலியும் சந்தா கட்டும் செயலியும் அதே சில்லிடமிருந்துதான் இருப்பிடத்தைப் பெறுகின்றன. பணம் கட்டும்போது கூடுதலாகக் கிடைப்பவை பயிற்சித் திட்டம், ஓட்டங்களின் அலசல், கூட்டு (உடன் ஓடும் நண்பர்கள், குழுக்களின் தொடர்பு) ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று. அவற்றுள் எது உங்களுக்குத் தேவை, அது இலவசமாகவே கிடைக்குமா என்பதைக் கண்டறியும் வரிசையில் கீழுள்ள படிகள் அமைந்துள்ளன.

முதல் படி: குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"உடம்பைக் குறைக்க வேண்டும்", "சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்" என்பவை நல்ல விருப்பங்களே என்றாலும், செயலியைத் தேர்ந்தெடுக்க அவை உதவுவதில்லை. "மூன்று மாதத்தில் நிற்காமல் 5 கி.மீ. ஓட வேண்டும்", "ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் அரை மாரத்தானை முடிக்க வேண்டும்", "10 கி.மீ. ஓட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்", "வாரத்தில் மூன்று நாளாவது தவறாமல் ஓட வேண்டும்" என்பது போல, முடிந்ததா இல்லையா என்று சொல்லக்கூடிய வாக்கியமாக அது இருக்க வேண்டும். இந்த நான்கு வாக்கியங்களுக்கும் நான்கு வகைச் செயலிகள் பொருந்தும்.

இதுவரை ஓடியே பழக்கமில்லாதவருக்கு வரைபடமோ வேகக் கணக்கோ முதல் இரண்டு மாதங்களுக்குத் தேவையில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று காதில் சொல்லும் ஒரு குரல் போதும். 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் உருவாக்கிய "கவுச் டு 5கே" திட்டம் இதற்காகவே அமைந்தது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட வேகநடைக்குப் பிறகு 60 வினாடி மெதுவோட்டமும் 90 வினாடி நடையுமாக மாறி மாறி 20 நிமிடம் செய்ய வேண்டும். ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளில் 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும். பலர் மலைத்து நிற்பது அந்த நாளில்தான். அந்த வாரத்தைத் திரும்பவும் செய்துவிட்டு மேலே போவதில் எந்தக் குறையும் இல்லை என்பதால், வாரத்தைத் திருப்பிச் செய்ய அனுமதிக்கும் செயலியையே எடுங்கள். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை இத்திட்டத்தை இலவசச் செயலியாகவே வழங்குகிறது. உங்கள் ஸ்டோரில் அது கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. ஓட்ட நேரத்தையும் நடை நேரத்தையும் குறித்துவிட்டால் மணி அடிக்கும் சாதாரண இன்டர்வல் டைமர் செயலி ஒன்றே இந்த ஒன்பது வாரத்துக்குப் போதுமானது.

தொடக்கநிலையில் நைக் ரன் கிளப் என்ற செயலியும் நல்ல தேர்வு. அதன் வழிகாட்டி ஓட்டங்களில் பயிற்சியாளர் ஒருவர் ஓட்டம் முழுவதும் கூடவே பேசிக்கொண்டு வருவார். மெதுவாக ஓடுங்கள், இன்னும் மெதுவாக ஓடுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வது புதியவருக்கு மிகத் தேவையான அறிவுரை. கட்டணம் கிடையாது. பேச்சு ஆங்கிலத்தில் இருப்பது சிலருக்கு இடைஞ்சலாக இருக்கலாம்.

எடை குறைப்பவர்கள் செயலி காட்டும் கலோரி எண்ணை நம்பி எதையும் வாங்க வேண்டாம். ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது என்பதே பழைய தோராயக் கணக்கு. அதன்படி 70 கிலோ எடையுள்ளவர் 5 கி.மீ. ஓடினால் சுமார் 350 கலோரி. செயலிகளின் எண்ணும் பெரும்பாலும் இதன் அருகில்தான் வரும். வெகுவாக விலகினால், சுயவிவரத்தில் எடையைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

குறிப்பிட்ட பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்குத்தான் பயிற்சித் திட்டம் உண்மையிலேயே பயன்படுகிறது; நம் ஊர்க்காரர்கள் இதில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும் பந்தயத்துக்கு 16 வாரத் திட்டம் என்றால் செப்டம்பர் நடுவில் தொடங்க வேண்டியிருக்கும். செப்டம்பர் காலையும் புழுக்கமாகவே இருக்கும். அதன் பிறகு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அடைமழையால் ஒரு வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம் தவறிப்போனால் அந்தத் திட்டம் என்ன செய்கிறது? தவறிய ஓட்டத்தை வேறு நாளுக்கு நகர்த்த விடுகிறதா, அடுத்த வாரத்தின் நீண்ட ஓட்டத்தை அதற்கேற்பக் குறைக்கிறதா, அல்லது எதுவும் நடக்காதது போல அட்டவணைப்படியே 18 கி.மீ. ஓடச் சொல்கிறதா? சந்தா கட்டுமுன் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

வேகமும் அப்படியே. பல செயலிகள் உங்கள் பழைய பந்தய நேரத்தை வைத்து "கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 வினாடி" என்று இலக்கு நிர்ணயிக்கும். குளிர்ந்த காலையில் எடுத்த நேரத்தை வைத்துக் கணக்கிட்ட இலக்கை, காலை ஆறரைக்கே வியர்வை வழியும் கடலோர நகரத்தில் பிடிக்க முயன்றால், எளிதாக இருக்க வேண்டிய ஓட்டம் கடினமான ஓட்டமாக மாறிவிடும். ஆகவே உழைப்பின் அளவையோ இதயத் துடிப்பையோ அடிப்படையாகக் கொண்டு ஓட அனுமதிக்கும் திட்டமே நமக்குப் பொருந்தும். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்ற எளிய சோதனைக்கு எந்தச் செயலியும் வேண்டியதில்லை.

வேகத்தைக் கூட்டும் குறிக்கோள் உள்ளவர்களுக்கு, ஓட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் வசதியும், "400 மீட்டர் வேகமாக, 200 மீட்டர் மெதுவாக, எட்டு முறை" என்பது போன்ற பயிற்சியை முன்கூட்டியே அமைத்துவைக்கும் வசதியும் இருக்க வேண்டும். இதைப் போனைவிடக் கைக்கடிகாரம் நன்றாகச் செய்யும்.

பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொள்ள நினைப்பவருக்குத் தேவை கூட்டு. இங்கே அம்சங்களை ஒப்பிடுவது வீண் வேலை. உங்கள் நண்பர்களும் உள்ளூர் ஓட்டக் குழுவும் எந்தச் செயலியில் இருக்கிறார்களோ அதுவே சிறந்தது. 2009இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா இந்த இடத்தைப் பெருமளவில் பிடித்துவைத்திருக்கிறது. ஓட்டத்தைப் பதிவுசெய்வது, குழுக்களில் சேர்வது, பிறர் ஓட்டத்தைப் பாராட்டுவது ஆகியவற்றுக்கு அதில் கட்டணம் இல்லை.

இரண்டாம் படி: கையில் இருக்கும் கருவியைக் கணக்கில் எடுங்கள்

கார்மின், கோரோஸ், போலார் போன்ற ஓட்டக் கடிகாரம் ஏற்கெனவே வைத்திருப்பவர் வேறு செயலிக்குப் பணம் கட்டுவதற்கு முன், கடிகாரத்துடன் வந்த செயலியை முழுமையாகத் திறந்து பார்க்க வேண்டும். கார்மின் கனெக்ட்டில் 5 கி.மீ., 10 கி.மீ., அரை மாரத்தான் ஆகியவற்றுக்கான பயிற்சித் திட்டங்கள் கூடுதல் கட்டணமின்றி உள்ளன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் சந்தா அடுக்கு ஒன்றைச் சேர்த்தபோதும் பழைய வசதிகளை இலவசமாகவே விட்டுவைத்தது. குறைந்த விலை ஸ்மார்ட் பட்டை வாங்குபவர்கள் அதற்குள் ஜிபிஎஸ் இருக்கிறதா, அல்லது "கனெக்டட் ஜிபிஎஸ்" என்ற பெயரில் போனின் ஜிபிஎஸ்ஸை இரவல் வாங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது வகையானால் போனை வீட்டில் வைத்துவிட்டு ஓட முடியாது.

மூன்றாம் படி: எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்று பிரித்துப் பாருங்கள்

இலவசச் செயலி ஏன் இலவசம் என்பதைத் தெரிந்துகொண்டால் அது எவ்வளவு காலம் அப்படி இருக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். நைக் ரன் கிளப்பை நடத்துவது காலணி நிறுவனம். ரன்டாஸ்டிக் என்ற ஆஸ்திரியச் செயலியை 2015இல் அடிடாஸ் வாங்கி இப்போது அடிடாஸ் ரன்னிங் என்ற பெயரில் நடத்துகிறது. ரன்கீப்பரை 2016இல் அசிக்ஸ் வாங்கியது. காலணி விற்பவருக்கு ஓடுபவர்களின் நட்பே போதிய லாபம் என்பதால் இவற்றின் அடிப்படைப் பகுதி தாராளமாக இருக்கிறது. பதிலுக்கு அவ்வப்போது புதுக் காலணி விளம்பரம் கண்ணில் படும். ஸ்ட்ராவாவுக்குச் சந்தாவே முதன்மையான வருமானம். அதனால்தான் 2020 மே மாதத்தில் ஒரே பாதைப் பகுதியில் ஓடியவர்களின் முழு தரவரிசைப் பட்டியல், பாதை வகுக்கும் வசதி ஆகியவற்றை இலவசப் பிரிவிலிருந்து எடுத்துச் சந்தாவுக்குள் கொண்டுபோனது. இன்று இலவசமாக இருக்கும் ஒரு வசதிக்காக மட்டுமே ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. ஆண்ட்ராய்டில் கிடைக்கும் ஓப்பன்டிராக்ஸ், ஃபிட்டோடிராக் ஆகிய இரண்டும் திறமூலச் செயலிகள், அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் இல்லை, பதிவுகள் உங்கள் போனிலேயே இருக்கும். தூரமும் நேரமும் மட்டும் போதும் என்பவருக்கு இவற்றுக்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. பயிற்சித் திட்டத்தையும் கூட்டையும் இவற்றில் எதிர்பார்க்கக் கூடாது.

சந்தா என்று முடிவானால் மாதக் கட்டணத்தையும் ஆண்டுக் கட்டணத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள். அமெரிக்காவில் 2023இல் ஸ்ட்ராவா நிர்ணயித்த விலை மாதத்துக்கு 11.99 டாலர், ஆண்டுக்கு 79.99 டாலர். மாதமாதம் கட்டினால் ஆண்டுக்கு 143.88 டாலர் ஆகிவிடும். ஆண்டுச் சந்தா ஏழு மாதக் கட்டணத்துக்கும் குறைவு. ஆனால் 16 வாரப் பயிற்சிக்காக மட்டும் நான்கு மாதம் எடுத்துவிட்டு நிறுத்துபவருக்கு மாதச் சந்தாவே லாபம். இந்தியக் கணக்கில் விலை வேறாக இருக்கும் என்பதால் உங்கள் ஸ்டோரில் காட்டும் ரூபாய்த் தொகையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். ஒரு ஆண்டுக்கு ஓட்டத்துக்கென ஒதுக்க முடிந்தது நான்காயிரமோ ஐந்தாயிரமோதான் என்றால், அது முதலில் நல்ல காலணிக்குப் போகட்டும். சந்தா அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: பதிவு அறுந்துபோகாதபடி போனைத் தயார்செய்யுங்கள்

செயலி சரியில்லை என்று விமரிசனம் எழுதுபவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான எதிரி போனின் பேட்டரிச் சேமிப்புதான். ஓட்டம் முடிந்து வரைபடத்தைப் பார்த்தால், தெருவைப் பின்பற்றி அழகாக வந்த கோடு ஒரு இடத்தில் திடீரென்று தெருவை விட்டு விலகி, வீடுகளையும் குளத்தையும் ஊடறுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நேர்கோடாகப் போய் மறுபடி தெருவில் இறங்கியிருக்கும். திரை அணைந்த பிறகு போன் அந்தச் செயலியை உறங்கவைத்துவிட்டது என்பதன் அடையாளம் அது. நேர்கோடு எப்போதும் தெருவைவிடக் குறுகியது. ஆகவே தூரம் குறைந்தும் வேகம் குறைந்தும் பதிவாகும்.

இதைச் சரிசெய்ய, அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் பேட்டரி என்ற பிரிவில் கட்டுப்பாடு இல்லாத நிலையைத் தேர்ந்தெடுங்கள். ரெட்மி, ரியல்மி, விவோ, ஓப்போ போன்ற போன்களில் இதைத் தவிர, செயலி தானாக இயங்க விடும் ஆட்டோஸ்டார்ட் அனுமதியையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். இருப்பிட அனுமதியில் "துல்லியமான இருப்பிடம்" என்ற தனிச் சுவிட்ச் ஒன்று ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் உள்ளது. அது அணைந்திருந்தால் நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது மட்டுமே செயலிக்குத் தெரியும், எந்தத் தெருவில் ஓடுகிறீர்கள் என்பது தெரியாது. அறிவிப்பு அனுமதியையும் கொடுத்துவிடுங்கள். ஓடும்போது மேலே தெரியும் அந்தச் சிறு அறிவிப்பு, செயலி உயிரோடு இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி.

வாசலில் இறங்கியதும் தொடங்கு பொத்தானை அழுத்தாமல், திறந்த வானத்தின் கீழ் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நில்லுங்கள். ஒரு செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை ஒருமுறை முழுவதும் அனுப்பவே 30 வினாடி ஆகிறது. மொபைல் டேட்டா இயங்கினால் அந்த விவரம் இணையம் வழியாகவே வந்துவிடுவதால் காத்திருப்பு குறையும்.

ஐந்தாம் படி: இரண்டு செயலிகளை ஒரே ஓட்டத்தில் சோதியுங்கள்

பட்டியலைக் குறைத்துக் கடைசியாக நிற்கும் இரண்டு செயலிகளையும் ஒரே போனில் ஒரே நேரத்தில் இயக்கி ஓடலாம், அதற்குத் தடையில்லை. தூரம் உறுதியாகத் தெரிந்த இடம் வேண்டும். அருகில் 400 மீட்டர் தடகளப் பாதை இருந்தால் உட்புறப் பாதையில் ஐந்து சுற்று ஓடுங்கள், 2 கி.மீ. இரண்டும் சற்று வேறு வேறு எண்களைக் காட்டும். ஒரே சில்லு தரும் புள்ளிகளை ஒவ்வொரு செயலியும் தன் போக்கில் வடிகட்டிச் சமன்செய்வதே காரணம். வளைவுகள் நிறைந்த தடகளப் பாதை ஜிபிஎஸ்ஸுக்குக் கடினமான இடம் என்பதால் சில பத்து மீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மெரினாவின் சர்வீஸ் சாலை போல மேலே எதுவும் மறைக்காத நேரான பாதையில் இரண்டும் நெருங்கி வருகின்றனவா என்று பார்ப்பதே நியாயமான ஒப்பீடு. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், எந்தச் செயலியாக இருந்தாலும் கோடு தள்ளாடத்தான் செய்யும்.

தானாக நிறுத்தும் வசதியையும் இதே ஓட்டத்தில் கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது கடிகாரத்தை நிறுத்தி, ஓடும்போது மட்டும் ஓட்டும் இந்த வசதியால் சராசரி வேகம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். பந்தயத்தில் நேரம் எதற்காகவும் நிற்பதில்லை. பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் இதை அணைத்துவைப்பது நல்லது. அதுபோலவே, சான்று பெற்ற பந்தயப் பாதைகள் ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகின்றன; குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள். நீங்கள் கூட்டத்தை விலக்கி விலக்கி ஓடுவதால் உங்கள் செயலி, அரை மாரத்தான் முடியும்போது 21.1 கி.மீ.க்குப் பதில் 21.3 அல்லது 21.4 என்று காட்டினால் அது செயலியின் பிழையோ அமைப்பாளரின் பிழையோ ஆகாது. ஆனால் அது காட்டும் வேகத்தை நம்பி ஓடினால், இலக்கு நேரத்தை ஏறக்குறைய ஒன்றிரண்டு நிமிடங்களில் தவறவிடுவீர்கள்.

எண்களைத் தவிர, ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் செயலியோடு பழகுவது எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். வியர்த்த விரலால் நிறுத்து பொத்தானை அழுத்த முடிகிறதா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வரும் குரல் பாட்டுக்கு நடுவே தெளிவாகக் கேட்கிறதா, சேமிக்கப் போகும்போது சந்தா விளம்பரம் குறுக்கே வந்து நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது ஒவ்வொரு முறையும் நடந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் நான் அதை எடுக்க மாட்டேன்.

ஆறாம் படி: உங்கள் வீட்டு வாசலை உலகுக்குக் காட்டாதீர்கள்

ஓட்டப் பதிவு என்பது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே இருப்பீர்கள் என்பதன் பதிவும்கூட. ஸ்ட்ராவா 2017 நவம்பரில் உலகெங்கும் உள்ள பயனர்களின் ஓட்டங்களைத் திரட்டி வெளியிட்ட வெப்ப வரைபடத்தில் (அதிகம் ஓடப்பட்ட பாதைகளை ஒளியாகக் காட்டும் வரைபடம்), பாலைவனத்தின் நடுவே இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்வதை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கவனித்துச் சொன்னார். பெயர் இல்லாத திரட்டே அவ்வளவு காட்டுமானால், பெயரோடும் நேரத்தோடும் உள்ள தனி ஓட்டம் என்ன காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கிய உடனேயே, முதல் ஓட்டத்துக்கு முன், தனியுரிமைப் பக்கத்துக்குப் போய் ஓட்டங்களைப் பின்தொடர்பவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். தொடக்கமும் முடிவும் வரைபடத்தில் மறையும் வசதியை வீட்டு முகவரிக்கு அமைத்துவிடுங்கள். இந்த இரண்டையும் இலவசப் பிரிவில் தராத செயலியில் ஓட்டங்களைப் பிறர் பார்க்கும்படி பகிரக் கூடாது, குறிப்பாகத் தனியே ஓடும் பெண்கள்.

விடியுமுன் ஓடுபவர்கள் வீட்டாருக்குத் தம் நேரடி இருப்பிடத்தைத் தெரிவிக்க விரும்பினால் அதற்கும் சந்தா தேவையில்லை. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்ற அளவுகளில் பகிரலாம். ஒரு மணி நேரம் பெரும்பாலான காலை ஓட்டங்களுக்குப் போதும்.

ஏழாம் படி: பணம் கட்டுமுன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

இலவசப் பிரிவிலேயே இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகு, "இது இருந்திருந்தால் இந்த வாரம் வேறு மாதிரி ஓடியிருப்பேன்" என்று சொல்லக்கூடிய ஒரு வசதியாவது பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே சந்தாவைப் பற்றி யோசியுங்கள். இலவசச் சோதனைக் காலத்தைச் சும்மா தொடங்கிவிடாமல், தொடர்ந்து ஓட முடியும் என்று தெரிந்த வாரங்களில் தொடங்குங்கள். தீபாவளி வாரத்தில் தொடங்கிய சோதனைக் காலம் பலகாரத்திலேயே முடிந்துவிடும்.

யுபிஐ ஆட்டோபே மூலமோ கார்டு மூலமோ தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள் என்பதால், அந்த அறிவிப்புக் குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த ஆண்டுக்கான தொகையும் போய்விடும். செயலியைப் போனிலிருந்து நீக்குவதால் சந்தா ரத்தாகாது. ப்ளே ஸ்டோரில் சந்தாக்கள் பக்கத்திலோ ஐபோனில் உங்கள் பெயரின் கீழுள்ள சந்தாக்கள் பகுதியிலோ போய்த்தான் ரத்துசெய்ய வேண்டும். நிறுவனத்தின் வலைத்தளத்தில் நேரடியாகக் கட்டியிருந்தால் அங்கேயே.

சேர்வதற்கு முன்பே ஏதாவது ஒரு ஓட்டத்தை, மற்றச் செயலிகளும் படிக்கக்கூடிய பாதைப் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள். மொத்தப் பதிவுகளையும் ஒரே தடவையில் எடுக்க விடுகிறதா என்பதை உதவிப் பக்கத்தில் தேடுங்கள். கடிகாரம் வைத்திருப்பவர்கள், ஓட்டக் கடிகாரங்கள் பதிவுசெய்யும் ஃபிட் வடிவக் கோப்பையும் எடுத்துவைப்பது நல்லது. இதயத் துடிப்பு, அடி எண்ணிக்கை போன்ற விவரங்கள் அதில் முழுமையாக இருக்கும். பின்னாளில் செயலி மாறும்போது முதலில் பதிவுகளை இறக்கி, புதிய செயலியில் ஏற்றி, பழைய ஓட்டங்கள் தேதியும் தூரமும் மாறாமல் வந்திருக்கின்றனவா என்று நாலைந்தைச் சரிபார்த்து, அதன் பிறகு சந்தாவை ரத்துசெய்து, கணக்கை அழிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.